மரியாதை யாருக்கு?

(கீழப்பழுவூரில் உபாத்தியாயர்களைப் பாராட்டுவதற்காகக் கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்தில் இயக்கப் பிரசாரகர் ஒருவர் பேசியதன் விபரம்.)



இன்று இங்கு நாம் கூடியிருப்பது எந்தச் சாமிக்கும் தேர் இழுப்பதற்காக அல்ல. எந்த மந்திரிக்கும் வரவேற்புப் பத்திரம் வாசிப்பதற்காகவும் அல்ல. பிள்ளைகளின் மனதில் ஏறியிருக்கிற ஜாதித் துவேஷத்தையும் மதத் துவேஷத்தையும் இறக்கி வைக்கப் பாடுபடுகிற உபாத்தியாயர்களுக்கு இவ்வூரார் மரியாதை செய்ய வேண்டும் என்பதற்காகவே கூடியிருக்கிறோம். இது புதுமாதிரிக் கூட்டம். ஆதலால் இதற்கு அவசியம் என்ன என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நமது கிராமங்களிலே மரியாதை என்றால் என்ன அர்த்தம்? திருவிழாவிலே முதல் விபூதி யாருக்கு, பரிவட்டம் யார் தலையில் கட்டுவது, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்பதற்குத்தான் மரியாதை என்று பெயர். அந்த ஒரு முழத் துணிக்காக எத்தனை மண்டை உடைந்திருக்கிறது! எத்தனை ஊரில் 144 தடையுத்தரவு! எத்தனை பேர் நிலத்தை விற்றுக் கோர்ட்டுக்கு நடந்திருக்கிறார்கள்! அந்த மரியாதையைப் பெற்றவர் ஊருக்கு என்ன செய்தார் என்று கேட்டால் பதில் இல்லை. இன்னார் வயிற்றில் பிறந்தார் என்பதைத் தவிர வேறு யோக்கியதை அதற்குத் தேவையில்லை.

இந்தப் பழுவூர் சாமான்ய ஊர் அல்ல. சோழர்களுக்குக் கீழே பழுவேட்டரையர்கள் ஆண்ட ஊர். அவர்கள் பேர் இங்கே கோவில் கல்லிலே வெட்டியிருக்கிறது. சண்டை போட்டவன் பேர் கல்லிலே நிற்கிறது. சாமிக்கு நிலம் விட்டவன் பேர் நிற்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு தெருப் பிள்ளைகளை ஒரு திண்ணையில் உட்கார வைத்து, "நீங்கள் இருவரும் ஒன்றுதான்" என்று சொன்ன ஒருவன் இருந்திருந்தால், அவன் பேரை எந்தக் கல்லில் போய்த் தேடுவது? அப்படிப்பட்டவனுக்கு ஊரார் கல்வெட்டு வைக்கமாட்டார்கள், கல்லை எறிவார்கள். அது இன்றும் முழுசாய் மாறவில்லை என்பதுதான் நமது துக்கம்.

துவேஷம் பிறவிக் குணமா?

"ஜாதி வெறுப்பு இரத்தத்திலே ஊறியது, அதை மாற்ற முடியாது" என்று சிலர் சொல்லுகிறார்கள். நான் கேட்கிறேன்: மூன்று வயதுப் பிள்ளை இரண்டு பேரைத் தெருவிலே விட்டுப் பாருங்கள். ஒன்று கடித்த முறுக்கை மற்றது வாங்கிக் கடிக்கும். அதற்கு எச்சில் தெரியாது, தீட்டுத் தெரியாது, நீ எந்தத் தெரு என்று கேட்கத் தெரியாது. அதே பிள்ளை ஏழு வயதிலே, "அவன் வீட்டுத் தண்ணீர் குடிக்கக்கூடாது" என்கிறது. நடுவிலே இந்த நாலு வருஷத்தில் இரத்தம் மாறிவிட்டதா? இல்லை. ஆத்தாள் சொன்னாள், அப்பன் சொன்னான், பாட்டி சொன்னாள், டீக்கடை சொன்னது, இப்பொழுது கைக்குள் இருக்கிற செல்போனும் சொல்லுகிறது. கணக்குக்கும் இலக்கணத்துக்கும் ஒரே ஒரு வாத்தியார். துவேஷத்துக்கு மாத்திரம் ஊரெல்லாம் வாத்தியார்.

கற்றுக்கொண்டது எதுவோ, அதை மறக்கவும் கற்பிக்கலாம் அல்லவா? ஆனால் அது எளிய வேலை அல்ல. ஊரெல்லாம் சேர்ந்து எழுதினதை ஒருவர் அழிக்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாம் இன்று பாராட்டுகிறோம்.

சேரன்மாதேவிப் பந்தி

இந்த விஷயம் நமது இயக்கத்தின் பிறப்போடேயே சேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையிலே சேரன்மாதேவி என்ற ஊரில் 1922-ல் தொடங்கின ஒரு குருகுலம் இருந்தது. அதை நடத்தினவர் வ.வே.சு. ஐயர். தேசத்துக்காகக் கஷ்டப்பட்டவர், படித்தவர், தைரியசாலி. அதில் சந்தேகமில்லை. தேசபக்தியுள்ள வாலிபர்களை உண்டாக்குவதே குருகுலத்தின் நோக்கம். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. மற்ற ஜாதியாரும் பணம் கொடுத்தார்கள். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்தால் பார்ப்பனப் பிள்ளைகள் இரண்டு பேருக்குத் தனி இடம். மற்றப் பிள்ளைகளுக்கு வேறு இடம். கேட்டதற்கு, "பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார் ஐயர். டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அப்பொழுது காங்கிரஸில் இருந்த ஈ.வெ. ராமசாமியும் அதை எதிர்த்தார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியிலே விழுந்த தமது மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். அதே வருஷம் நவம்பரிலே காஞ்சிபுரம் மகாநாட்டில் ஈ.வெ.ரா. காங்கிரஸை விட்டு வெளியே வந்தார். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

அதிலே நான் கவனிக்கச் சொல்லுகிற சங்கதி வேறு. தனியே உட்கார்ந்த அந்த இரண்டு பையன்கள் குற்றவாளிகளா? ஒருநாளும் இல்லை. அவர்களும் பிள்ளைகள்தானே! "நீ இவர்களோடு உட்காரத் தகாத உயர்ந்தவன்" என்று அவர்களுக்குப் போதிக்கப்பட்டது. மற்றப் பிள்ளைகளுக்கு, "நீ அவர்களோடு உட்காரத் தகுதியில்லாதவன்" என்று போதிக்கப்பட்டது. வாய் திறந்து யாரும் பாடம் நடத்தவில்லை. இலை போட்ட இடமே பாடம். பகலெல்லாம் தேசத்தைப் பற்றிச் சொன்னதை, அந்த அரை மணி நேரம் அழித்துவிட்டது. இரண்டு கட்சிப் பிள்ளைகளுக்கும் அது தீங்குதான் என்பதை நாம் மறக்கக்கூடாது.

அதே பந்தி இன்னும் இருக்கிறதா?

தோழர்களே! ஒரே பந்தி என்பது இந்த நாட்டில் சும்மா வந்துவிடவில்லை. 1920-ல் தியாகராயச் செட்டியார் தலைவராயிருந்த சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. 1956-ல் காமராசர் மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாய் விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. இதெல்லாம் பசிக்காக என்று சொல்லுகிறார்கள். பசிக்காகத்தான், ஆனால் இன்னொரு காரியமும் அதிலே நடக்கிறது. எல்லாத் தெருப் பிள்ளைகளும் வரிசையாய் உட்கார்ந்து ஒரே சட்டியிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள். சாஸ்திரம் ஆயிரம் வருஷம் கட்டின சுவரை ஒரு கரண்டிச் சாம்பார் இடிக்கிறது.

அதனாலேயே சிலருக்குப் பொறுக்கவில்லை. 2018-ல் திருப்பூர் ஜில்லா அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த அம்மாள் ஒருவர் சமைக்க வந்தார். "அவர் சமைத்தால் எங்கள் பிள்ளை தின்னாது" என்று பெற்றோர் சிலர் கலகம் செய்தார்கள். கலகம் செய்தவர்களை அனுப்பினார்களா? இல்லை, சமைத்த அம்மாளை மாற்றினார்கள்! பிறகு ஜனங்கள் போராடின பின்புதான் அந்த மாற்றல் ரத்தாயிற்று, வழக்கும் நடந்தது. 2023-ல் கரூர் ஜில்லாவில் ஒரு பள்ளிக்கூடத்திலும் காலைச் சிற்றுண்டிக்கு இதே ஆட்சேபணை. அங்கே கலெக்டரே போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று.

ஆகவே, உபாத்தியாயர் என்றால் சாக்பீஸ் பிடித்தவர் மாத்திரம் என்று நினைக்காதீர்கள். தன்னை இழிவாய்ப் பேசினவன் வீட்டுப் பிள்ளைக்கும் அடுத்த நாள் முகம் கோணாமல் சோறு போடுகிற அம்மாளும் ஆசிரியைதான். அவர் நடத்துகிற பாடம் எந்தப் புஸ்தகத்திலும் இல்லை.

கையில் கட்டின கயிறும் தலையில் கட்டின கயிறும்

இந்தப் பாடம் நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே பிளஸ் டூ படிக்கிற தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனை, அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டினவர்கள் யார்? வேற்று நாட்டுச் சத்துருக்களா? மீசை முளைக்காத பிள்ளைகள்! எழுதுகோல் பிடிக்க வேண்டிய கையில் அரிவாளைக் கொடுத்தது எது? இதை அந்தப் பையன்களுடைய துஷ்டத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எந்தத் தகப்பனுக்கும், எந்த உபாத்தியாயருக்கும், எந்தச் சர்க்காருக்கும் பாத்தியதை இல்லை.

அதன் பேரில் சர்க்கார், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு விசாரிக்கச் செய்தது. அவர் 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடங்களின் பேரிலிருந்து ஜாதிப் பேரை எடுக்க வேண்டும். ஜாதிக்கு ஒரு நிறமாகப் பிள்ளைகள் கையிலே கட்டுகிற கயிறு கூடாது. எழுத்து வரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைகள்.

ஆனாலும் ஒன்று சொல்லுகிறேன். கையில் கட்டின கயிற்றைச் சர்க்கார் உத்தரவு அறுத்துவிடும். தலைக்குள் கட்டியிருக்கிற கயிற்றை உத்தரவு அறுக்காது. அதற்கு தினம் தினம் பக்கத்தில் நிற்கிற ஓர் ஆள் வேண்டும். பையன் ஜாதிப் பெருமை பேசினால், அவனை அடிக்காமல், "உன் பெருமைக்கு நீ என்ன செய்தாய்?" என்று கேட்கிற ஆள் வேண்டும். அந்த ஆளே ஜாதிச் சங்கத்தில் சந்தா கட்டுகிறவராக இருந்தால் என்ன பிரயோஜனம்? விளக்கே அணைந்து கிடந்தால் வெளிச்சம் எங்கிருந்து வரும்?

சாணி பட்ட புடவை

இப்படிப்பட்ட வேலையைச் செய்தவர்களுக்கு நாடு என்ன மரியாதை செய்தது?

1848-ல் புனாவிலே சாவித்திரிபாய் பூலே பெண்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கும் நடத்தினார். அவர் தெருவில் போகும்போது மேல் ஜாதிக்காரர்கள் சேற்றையும் சாணியையும் எறிந்தார்களாம். அதற்காகப் பையிலே இன்னொரு புடவை எடுத்துப் போவாராம். மாமனார் வீட்டை விட்டும் புருஷனோடு வெளியேற நேர்ந்தது. 1897-ல் பிளேக்கு நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த நோயிலேயே செத்தார். இன்று அவர் பேரால் சர்வகலாசாலை இருக்கிறது. செத்த பிறகு சர்வகலாசாலை. உயிரோடு இருந்தபோது சாணி!

நமக்குக் கிட்டத்திலும் ஒருவர் உண்டு. இந்த ரோட்டிலேயே கிழக்கே போனால் ஜெயங்கொண்டம் தாண்டிச் சிதம்பரம். அங்கே சுவாமி சகஜானந்தர் 1916-ல் ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளிக்கூடத்தை உண்டாக்கினார். நந்தன் கோவிலுக்குள் போக நெருப்பிலே குளிக்க வேண்டும் என்று கதை எழுதின ஊரில், நந்தன் பேரால் பள்ளிக்கூடம்! அவர் காவி கட்டினவர், பக்தர். நமக்கும் அவருக்கும் கடவுள் விஷயத்தில் அபிப்பிராய பேதம் உண்டு. உண்டு என்பதற்காக அவர் செய்த காரியத்தை மறைத்தால் நாம் பகுத்தறிவுக்காரர் அல்ல. யார் என்ன வேஷம் போட்டார் என்பது நமக்கு வேண்டாம்; எத்தனை பிள்ளைகளை நிமிர்ந்து நிற்கச் செய்தார் என்பதே வேண்டும்.

இது நம் நாட்டுச் சங்கதி மாத்திரமா? அமெரிக்காவிலே 1968 ஏப்ரல் 4-ந் தேதி கறுப்பர் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள், வெள்ளைக்காரர் மாத்திரமே வசிக்கிற ரைஸ்வில் என்ற சிற்றூரில், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் ஒரு காரியம் செய்தார். கண்ணின் நிறத்தைக் கொண்டு பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு நிறக் கண்ணுள்ளவர்கள் உயர்ந்தவர்கள், மற்ற நிறக்காரர் மட்டம் என்றார். பிறகு அதைத் திருப்பிப் போட்டார். நடந்தது என்ன? உயர்ந்தவன் என்று சொல்லப்பட்ட பிள்ளை உடனே அதிகாரம் செய்தது. மட்டம் என்று சொல்லப்பட்ட பிள்ளைக்கு வழக்கமாய் வருகிற பாடமும் வரவில்லை. இரண்டு பக்கமும் பட்டுப் பார்த்த பிறகு, நிறத்தைக் கொண்டு மனிதனை அளப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று பிள்ளைகளுக்கே விளங்கிற்று. ஊரார் என்ன செய்தார்கள்? பலர் அவரோடு பேச்சு வார்த்தையை நிறுத்தினார்கள். அவர் பெற்ற பிள்ளைகள் தொல்லைக்கு ஆளானார்கள். "பச்சைப் பிள்ளைகளை இப்படி வாட்டலாமா?" என்று இன்றும் கேட்கிறவர்கள் உண்டு. கேட்கட்டும், கேள்வி நியாயந்தான். ஆனால் ஒரு நாள் வாட்டியதற்கு மனம் பதறுகிறவர்கள், ஆயுள் முழுவதும் வாட்டப்படுகிற பிள்ளைக்காகவும் பதற வேண்டாமா?

"நீங்கள் மாத்திரம் என்ன?"

இங்கே ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "துவேஷம் கூடாது என்கிற நீங்கள் பார்ப்பனத் துவேஷம் செய்யவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஒளிக்காமல் பதில் சொல்லுகிறேன்.

பிறவியினால் ஒருவன் மேல் என்கிற ஏற்பாட்டை எதிர்ப்பது வேறு. ஒரு மனிதனை அவன் பிறவிக்காக வெறுப்பது வேறு. ஏற்பாட்டை எதிர்க்காதவன் கோழை. மனிதனை வெறுக்கிறவனோ எதிரியின் சரக்கையே வாங்கித் தன் கடையில் விற்கிறவன். ஒரு பார்ப்பனப் பையனைப் பள்ளிக்கூடத்தில் அவன் ஜாதியைச் சொல்லி யாராவது கேலி செய்தால், அந்தப் பையன் பக்கத்தில் நிற்க வேண்டியவன் சுயமரியாதைக்காரனே. பிறவி இழிவு எவனுக்கும் இல்லை என்பதுதானே நமது கட்சி?

இந்த ஊருக்கு இதிலே விசேஷப் பொறுப்பு உண்டு. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25-ந் தேதி திருச்சியில் தன்னைத்தானே தீக்கிரையாக்கிக்கொண்ட சின்னசாமி இந்தக் கீழப்பழுவூர்க்காரர். அவர் எதிர்த்தது ஓர் ஆதிக்கத்தை. வயிற்றுப் பிழைப்புக்காகப் பீகாரிலிருந்து வந்து மூட்டை தூக்குகிற ஏழையை அல்ல. 2023-ல், வடநாட்டுத் தொழிலாளிகளை இங்கே அடித்துக் கொல்லுகிறார்கள் என்று பொய்ப்படங்களைப் பரப்பினார்கள். எத்தனையோ ஏழைகள் நடுங்கினார்கள். அப்படிப்பட்ட தொழிலாளி ஒருவன் தன் பிள்ளையை நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்க்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அன்போடு "அ, ஆ" சொல்லிக்கொடுத்து, நம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்கிற ஆசிரியைதான் சின்னசாமியின் பேரைக் காப்பாற்றுகிறவர்.

சால்வை போதாது

இனி, என்ன மரியாதை செய்வது? சர்க்கார் வருஷா வருஷம் குடியரசு நாளிலே கோட்டை அமீர் பேரால் மத நல்லிணக்கப் பதக்கம் கொடுக்கிறது. அவர் கோயமுத்தூரிலே மதச்சண்டை கூடாது என்று பாடுபட்டதற்காகக் கொல்லப்பட்டவர். உலக அளவில், யுனெஸ்கோ சபை 1995-ல் ஏற்படுத்திய பரிசு ஒன்று, மதன்ஜீத் சிங் என்ற இந்தியர் பேராலேயே, சகிப்புத்தன்மையையும் அகிம்சையையும் வளர்ப்பவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கொருதரம் கொடுக்கப்படுகிறது. இவை எல்லாம் வேண்டியவையே. ஆனால் பதக்கம் ஒருவருக்கு. வேலை செய்கிறவர்களோ ஊருக்கு ஒருவர்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன். படித்த அந்தக் கொஞ்ச நாளில் ஒரு வாத்தியார் இருந்தார். சேரிப் பையன் மொண்டு கொடுத்த தண்ணீரை எங்கள் எல்லோருக்கும் முன்னே வாங்கிக் குடித்தார். ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. குடித்துவிட்டுக் கணக்கை நடத்தினார். ஒரு மாதத்துக்குள் ஊர்ப் பெரியதனக்காரர்கள் மகஜர் போட்டு அவரை வெகு தூரத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறின அன்று வழியனுப்ப ஒரு பெரியவர் கூட வரவில்லை. அவரை விரட்டுவதற்கு நாற்பது கையெழுத்து. இருத்திக்கொள்ளுவதற்கு ஒன்று கூட இல்லை. அந்த நாற்பது பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மற்றவர்கள் சும்மா இருந்தார்கள் என்பதே என் வருத்தம்.

ஆதலால் தோழர்களே! ரோஜா மாலையும் பொன்னாடையும் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் அது மரியாதை ஆகாது. மாலை நாளைக்கு வாடிவிடும். நான் கேட்கிற மரியாதை நாலு.

முதலாவது, இப்படிப்பட்ட உபாத்தியாயர் மேல் யாராவது மகஜர் எழுதினால், அதைவிடப் பெரிய மகஜர் நீங்கள் எழுத வேண்டும். பெற்றோர் கூட்டத்திலே எழுந்து, "இவர் இங்கேதான் இருக்க வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மாதத்தில் ஒரு நாளாவது பள்ளிக்கூடத்துக்குப் போய், உங்கள் பிள்ளையோடும் பக்கத்துத் தெருப் பிள்ளையோடும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்பன் உட்கார்ந்த பந்தியை மகன் ஒதுக்கமாட்டான்.

மூன்றாவது, உபாத்தியாயர் பகலில் அழிப்பதை நீங்கள் இராத்திரியில் எழுதாதீர்கள். பிள்ளை கேட்கும்படி வீட்டில் ஜாதிப் பேச்சுப் பேசாதீர்கள். தாய்மார்களே! இது முக்கியமாய் உங்கள் காதுக்குச் சொல்லுகிறேன். ஆண்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்; டீக்கடையில் சத்தம் போடுகிறவர்கள் அவர்கள்தான்.

நாலாவது, ஊரில் எது நடந்தாலும் முதல் மரியாதை என்று ஒன்று வேண்டுமானால், அது பிள்ளைகளுக்குப் பகையை மறக்கக் கற்பித்தவருக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். வாத்தியாரோ, சமையல்கார அம்மாளோ, பந்து விளையாடச் சொல்லிக்கொடுக்கிற வாலிபனோ, யாராயிருந்தாலும் சரி. அவர் எந்த ஜாதி என்று மாத்திரம் விசாரிக்காதீர்கள்.

மேடையில் உட்கார்ந்திருக்கிற உபாத்தியாயர்களே! உங்களுக்கும் ஒரு வார்த்தை. இன்று உங்களைப் புகழ்ந்தோம் என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். நாளைக் காலை மணி அடித்தவுடன் பின் பெஞ்சியிலே யார் உட்கார்ந்திருக்கிறான், ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள். அவனை முன்னே கூப்பிடுங்கள். அதனால் உங்களுக்குத் தொல்லை வந்தால், இன்று கை தட்டின இத்தனை பேரும் உங்கள் வாசலுக்கு வர வேண்டியவர்கள் என்பதை இந்தக் கூட்டத்தின் முன்னிலையிலேயே அவர்களுக்கு ஞாபகப்படுத்தி, என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.